எழுதிக் காட்டுதல் இழுக்கன்று!

எண்ணா, சொல்லா, பட்டியலா எனப் பொருளின் வகையை நிரலர் எழுதாமலே கணிப்பொறி உய்த்துணரவேண்டும் என்பது சார்புவழி நிரல்மொழிகளை ஆள்வார் பலரின் வேட்கை. வேட்கை நன்று, ஆயின் அதற்கோர் எல்லை உண்டு. அவ்வெல்லை அறியாது, வகையை எழுதச் சொல்லும் மொழியைக் குறையுடையதெனப் பழிப்பது அறிவுடைமை ஆகாது.

1978-இல் எடின்பரோவில் இராபின் மில்னர் வெளியிட்ட நெறி வியப்புக்குரியது. பட்டியலின் நீளத்தை அளக்கும் சார்பு, எண்பட்டியலையும் அளக்கும், சொற்பட்டியலையும் அளக்கும். எவரும் எழுதிக் காட்டாமலே இப்பொதுமையை அந்நெறி கண்டுகொள்ளும்.

ஆனால், அச்சார்பையே மற்றொரு சார்பிடம் ஒப்படைத்து, அதனுள்ளே இருவகைப் பட்டியல்களையும் அளக்கச் சொன்னால்? அங்கே அந்நெறி நின்றுவிடும். 1972-இல் சிராரும் 1974-இல் இரெனால்சும் தனித்தனியே கண்ட விரிந்த பொதுமை அதற்கு இடம் தரும். எனினும், எக்குறிப்புமின்றி அதன் வகைகளை முற்றும் உய்த்துணரும் வழிமுறை இருக்கவே இயலாது என 1994-இல் வெல்சு மெய்ப்பித்தார். எத்துணை விரைவான பொறி வந்தாலும் இம்முடிவு மாறாது.

எனவே, பொதுமையைச் சுருக்கவேண்டும். அன்றேல், வேண்டுமிடத்து வகையை எழுதவேண்டும். ஆசுக்கெல் மொழியின் கிளாசுகோத் தொகுப்பி இரண்டாம் வழியைத் திறந்து வைத்துள்ளது. எளியவற்றைத் தானே உணர்கிறது; அரியவற்றுக்கு ஒரு வரி கேட்கிறது. அதுவே செவ்விய வழி.

ஒரு வரிக்கு அஞ்சி மொழியின் ஆற்றலை இழப்பதா? நிரலர் எண்ணியதை நிரலரே அறிவார். அவர் எழுதும் வகை, பொறிக்கு வழிகாட்டும். பின்னர்ப் படிப்பார்க்கும் விளக்காகும்.