நெய்கிற பெண்ணுக்கு விளம்பரப் பலகையில் இடமில்லை

2025 நவம்பரில் ‘அதர்ஸ்’ படத்துக்காகச் சென்னையில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், நடிகை கௌரி கிஷன் ஒரு யூடியூபரிடம் நேருக்கு நேர் கணக்குத் தீர்த்தார். அதற்கு முன்பு நடந்த நிகழ்ச்சி ஒன்றில் அந்த யூடியூபர் படத்தின் கதாநாயகனிடம், பாட்டில் கதாநாயகியைத் தூக்கினீர்களே, அவர் எடை எவ்வளவு என்று கேட்டிருந்தார். தன் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம், ஒரு நடிகரிடம் இப்படிக் கேட்பீர்களா என்பதே கௌரியின் வாதம். கேட்டவர் இறங்கி வரவில்லை. குரலை உயர்த்தி, தான் கேட்டது சரிதான் என்று சாதித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநரும் கதாநாயகனும் வாய் திறக்கவில்லை. ‘96’ படத்தில் பள்ளிக்கூட ஜானுவாக வந்த அந்தப் பெண் ஒற்றை ஆளாகவே பேசி முடித்தார்.

பிறகுதான் எல்லோருக்கும் பேச்சு வந்தது. சென்னை பத்திரிகையாளர் மன்றம் கண்டித்தது, நடிகர் சங்கம் கண்டித்தது. கதாநாயகன் தன் மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டார். யூடியூபரும் வருத்தம் தெரிவித்துக் காணொலி வெளியிட்டார்.

கௌரியின் கையில் மைக் இருந்தது. உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பெண் பார்க்க வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு, ‘பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி’, ‘ஒடம்பு கொஞ்சம் அதிகம்’ என்று சொல்லிப் போகும்போது, உள்ளறையில் நிற்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு மைக் கிடைப்பதில்லை. கலர் கம்மியானால் நகை கூடும் என்பது தரகர் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு. படிப்பும் சம்பளமும் அந்தக் கணக்கை இன்னும் அழித்துவிடவில்லை. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் போகிற பெண்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உலகம் முழுக்க விற்கும் கைபேசிகளைப் பூட்டி அனுப்புகிற கைகள் அவை. ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது அதே பெண் தன் போனில் ஒரு படம் எடுக்கிறாள். அதிலுள்ள ஃபில்டர் அவளைக் கேட்காமலே முகத்தை வெளுக்கிறது, மூக்கைச் சிறிதாக்குகிறது, கன்னத்தை ஒடுக்குகிறது.

நிறம் பார்க்கும் புத்தி சினிமாவுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. சினிமா அதற்குச் சிரிப்பையும் பாட்டையும் சேர்த்துக் கொடுத்தது. ரஜினிகாந்தும் விஜயகாந்தும் கொண்டாடப்பட்டதில் கறுப்பான ஆணுக்குத் தமிழ்த் திரையில் கௌரவமான இடம் கிடைத்தது. அது நல்ல மாற்றம். கறுப்பான பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. குஷ்பு, சிம்ரன், ஜோதிகா, தமன்னா, ஹன்சிகா என்று வரிசையாக மும்பையிலிருந்து வந்தார்கள். அவர்களுடைய திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களைத் தேடிப் போன கண்தான் பிரச்சினை. கிராமத்துப் பெண் பாத்திரம் வந்தாலும் அதே கண்தான். ‘பருத்திவீரன்’ படத்தில் பிரியாமணிக்கும் ‘பரதேசி’யில் வேதிகாவுக்கும் கறுப்பு மேக்கப் போட்டார்கள். கறுப்பு வேண்டும், கறுப்பான பெண் மட்டும் வேண்டாம்.

‘பருத்திவீரன்’ வந்த 2007இல்தான் ‘சிவாஜி’யும் வந்தது. கதாநாயகிக்காக நாயகன் வெள்ளையாக முயல்வது அதில் நகைச்சுவைப் பகுதி. ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் தோல் நிறத்தைக் கணினி வரைகலையால் ரஜினிகாந்த் மேல் பொருத்தி ஒரு முழுப் பாட்டே எடுத்தார்கள். சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அதைக்கூட விளையாட்டு என்று விட்டுவிடலாம். விடமுடியாதது அங்கவை, சங்கவை காட்சி. இரண்டு பெண்களுக்குக் கரிய பூச்சு பூசி நிறுத்தி, அவர்களைப் பார்த்ததும் நாயகன் தரப்பு பயந்து ஒதுங்குவதுபோல் எடுத்து, அரங்கத்தைச் சிரிக்கவைத்தார்கள். பறம்பு மலை பாரியின் மகள்களுக்குத் தமிழ் மரபு சூட்டிய பெயர்கள் அவை. தந்தையை இழந்த துயரத்தைப் பாடியதாகப் புறநானூற்றில் பாட்டு உள்ள பெண்களின் பெயர், வகுப்பில் கறுப்பாக இருக்கும் மாணவியைக் கூப்பிடும் கேலிப் பெயராகிவிட்டது.

கேலி செய்த இடத்திலேயே மருந்தும் விற்றார்கள். இந்துஸ்தான் லீவர் 1975இல் ஃபேர் அண்ட் லவ்லியைக் கொண்டுவந்தது. கடலூரில் தொடங்கிய நம்மூர் நிறுவனமான கெவின்கேர், 1998இல் குங்குமப்பூவைச் சொல்லி ஃபேர்எவரை இறக்கியது. அந்த நாள் ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம் ஒன்று பலருக்கு நினைவிருக்கும்: மகன் இல்லையே என்று அப்பா வருந்துகிறார், மகள் கிரீம் பூசுகிறாள், வெள்ளையாகிறாள், விமானப் பணிப்பெண் ஆகிறாள். பெண் என்றால் குறை, கறுப்பு என்றால் இன்னொரு குறை என்று ஒரே விளம்பரம் இரண்டு அடி அடித்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாமல் புகார் கொடுத்துப் போராடிய பிறகு, 2003இல் அது நிறுத்தப்பட்டது. நிறத்தை வைத்து ஒருவரைத் தாழ்த்திக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தர மன்றம் விதி வகுக்க 2014 ஆனது. 2020இல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்த பிறகு கிரீமின் பெயர் குளோ அண்ட் லவ்லி என்று மாறியது. பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கும் சின்னப் பாக்கெட் இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. சாய் பல்லவி இப்படிப்பட்ட கிரீம் விளம்பரம் ஒன்றைப் பெரும் தொகையோடு வந்தும் மறுத்தார். நம் பெண்கள் அவரைக் கொண்டாடுவதற்கு நடனம் மட்டும் காரணமில்லை.

திரையில் பார்ப்பது உடம்பில் இறங்குமா என்று கேட்பவர்களுக்கு ஃபிஜித் தீவில் பதில் இருக்கிறது. அங்கே நாட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. பருத்த உடம்பைச் செழிப்பின் அடையாளமாக மதித்த சமூகம் அது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1998இல் பள்ளி மாணவிகளிடம் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் விசாரித்தபோது, 74 சதவீதம் பேர் தாங்கள் குண்டாக இருப்பதாக அவ்வப்போதாவது நினைப்பதாகச் சொன்னார்கள். எடை குறைக்க வாந்தி எடுக்கும் பழக்கம் 1995இல் ஒருவரிடமும் இல்லை, 1998இல் 11.3 சதவீதம் பேரிடம் இருந்தது.

தமிழ்நாட்டுப் பெண்களின் உடம்பைப் பற்றிக் கவலைப்பட உண்மையான காரணங்கள் நிறையவே உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். இரண்டும் மருத்துவமனையில் மரியாதையோடு பேசவேண்டியவை. நாமோ பருமனை நகைச்சுவைக் காட்சிக்கும், ரத்தசோகையால் வெளிறிய முகத்தை ‘நல்ல கலர்’ கணக்குக்கும் எழுதிவிடுகிறோம்.

பெண் எங்கே இருக்கவேண்டும் என்பதையும் திரை சொல்லிக்கொடுத்தது. 1992இல் வந்த ‘மன்னன்’ படத்தில் தொழிற்சாலையை நடத்துகிற பெண், கடைசியில் கணவனை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் நிற்கிறாள். ‘எதிர்நீச்சல்’ தொலைக்காட்சித் தொடர் படித்த மருமகள்களை அடைத்துவைக்கும் வீட்டைக் கண்டித்தது. வெளியே மீமாகச் சுற்றியதோ அந்த வீட்டை ஆளும் ஆதி குணசேகரனின் அதட்டல்தான்.

ஆனால் இதே தொலைக்காட்சிப் பெட்டி நல்லதும் செய்திருக்கிறது. தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் கிராமங்களில் 2001 முதல் 2003 வரை திரட்டிய விவரங்களை வைத்து ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் இருவரும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பதை நியாயம் என்று ஏற்கும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற ஆசை தணிந்தது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் சொல்லுக்கு இடம் கூடியது. சம்பாதிக்கிற, தனியாக வெளியே போகிற நகரத்துப் பெண்ணைத் தினமும் பார்த்ததன் விளைவாக அது இருக்கலாம். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிளும் அந்தப் பெட்டியைக் குடிசைவரை கொண்டுபோயின. இத்தனை வலிமையான கருவியை வைத்துக்கொண்டு, நாங்கள் பொழுதுபோக்கு மட்டும்தானே தருகிறோம் என்று சேனல்காரர்கள் சொல்வதை ஏற்கமுடியாது.

மானாம்பதிக்காரர்கள் கல்யாணப் பட்டு எடுக்கப் போவது காஞ்சிபுரத்துக்குத்தான். ஊரை நெருங்கும்போதே பட்டுக்கடைப் பலகைகள் வரிசை கட்டுகின்றன. அரக்குப் புடவை, அகலக் கரை, தலை நிறையப் பூ. உடுத்தியிருப்பவர் பெரும்பாலும் சிவந்த நிறத்து, மெலிந்த மாடல். அந்தப் புடவை பிறந்த வீட்டில் வேறு பெண் இருக்கிறாள். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடுவதால் தறிக்கு இரண்டாவது ஆள் வேண்டும். பல வீடுகளில் அது நெசவாளரின் மனைவியோ மகளோதான். ராட்டையில் தார் சுற்றுவதும், அறுந்த இழையைக் கண்ணை இடுக்கி முடிவதும் பெரும்பாலும் அவள் வேலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்று உலகமறிந்த பட்டு அவள் உழைப்பிலும் ஆனது. அவள் முகம் மட்டும் எந்தப் பலகையிலும் ஏறவில்லை.

இதை மாற்றப் புதுச் சட்டம் தேவையில்லை. கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ், பட்டுச் சேலையோடு நெய்தவரின் பெயரும் படமும் அச்சிட்ட அட்டையை வைத்துக் கொடுத்திருக்கிறது. அந்த அட்டைக்குள் இருக்கும் முகத்தை அடுத்த தீபாவளிக்குப் பலகையில் ஏற்றிக் காட்டட்டும். நெசவாளர் வீட்டுப் பெண்ணும், மாநிறத்துப் பெண்ணும், ஐம்பது வயது அம்மாவும் அதே அரக்குப் புடவையில் நிற்கட்டும். தனியார் கடைகள் பின்னால் வரும். மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று எழுதி வருவதை இனி வாங்குவதில்லை என்று தமிழ் நாளிதழ்கள் முடிவெடுக்கவேண்டும். ஷாதி டாட் காம் தன் தளத்தில் இருந்த நிற வடிகட்டியை 2020லேயே எடுத்துவிட்டது.