கிடங்குப் பூனையும் சங்கக் கணக்கும்

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும், சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வட்டாரங்களில் நெல் கிடங்கேறத் தொடங்கும். வயலில் இரை அருகியவுடன் எலியும் நெல்லைத் தொடர்ந்து களத்துக்கும், களத்திலிருந்து கிடங்குக்கும் வந்து சேரும். நெல்லுக்கு வரவுச் சீட்டு உண்டு. உடன்வந்த எலிக்குச் சீட்டு கிடையாது. ஆண்டு முடிவில் இருப்பைச் சரிபார்க்கும்போதுதான் அதன் வரவு தெரியவரும். அப்போதும் அதனை ‘எடைக் குறைவு’ என்றும் ‘சிந்தல் சிதறல்’ என்றும் எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். இவ்வழக்கம் நமது சங்கங்களில் வேரூன்றிவிட்டது. இதனை மாற்றுவதற்குரிய எளிய வழியொன்றை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

எலி தின்னும் அளவை அற்பமென்று எண்ணலாகாது. வளர்ந்த எலி தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தானியத்தை நாள்தோறும் தின்னும். 250 கிராம் எடையுள்ள வரப்பெலிக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்று கொண்டால், ஓராண்டில் 9 கிலோவுக்கு மேலாகிறது. கிடங்கில் நாற்பது எலிகள் குடியிருப்பின் 360 கிலோ போகும். அதாவது 40 கிலோ மூட்டையில் ஒன்பது மூட்டை. இது வயிற்றுக்குள் சென்றது மட்டுமே. கடித்த சாக்கிலிருந்து சிந்துவதும், சிறுநீராலும் புழுக்கையாலும் கெடுவதும் வேறு கணக்கு. எலி சினைப்பட்ட மூன்று வாரத்தில் குட்டி போடும். ஆகவே, தையில் இரண்டு மூன்றாக நுழைந்தவை, ஆடிப்பட்டத்தில் விதைக்காகக் கதவைத் திறக்கும்போது இரண்டு மூன்றாக இருப்பதில்லை.

நெசவாளர்க்கும் இப்பகை பொதுவானதே. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எதையேனும் கடித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. கஞ்சி போட்ட பாவோ கடிக்கவும் ஆகும், தின்னவும் ஆகும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து நெசவாளர் வீடொன்றில், தறியில் ஏற்றுவதற்காகச் சுற்றி வைத்திருந்த பாவில் ஒரே இரவில் அறுபட்ட இழைகளை, கணவனும் மனைவியும் விளக்கடியில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்ததை நாம் கண்டதுண்டு. அவர்கள் இழந்த இரண்டு நாட் கூலி எந்தச் சங்கத்தின் எந்தப் பேரேட்டிலும் ஏறியிராது. இதனினும் பெரிய கேடு எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலிருந்து, காலிலுள்ள சிறு புண் வழியே அந்நோய் உடலில் புகும். மழைக்காலத்தில் ஈரம் கசியும் குழித்தறியில் கால் வைத்து நெய்பவரும், சேற்றில் நிற்கும் உழவரும் இதனை மறக்கலாகாது.

இனி, எமது தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சிதம்பரம் வட்டத்துச் சங்கமொன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். செலவுச் சீட்டுகளைப் புரட்டியபோது, ‘கிடங்குப் பூனைக்குச் சோறு, மீன் வகைக்கு 240 ரூபாய்’ என்று மாதந்தோறும் ஒரு சீட்டு தென்பட்டது. அதற்கு நிர்வாகக் குழுவின் தீர்மானம் இல்லை. உரிய செலவுத் தலைப்பும் இல்லை. விளக்கம் கேட்டோம். சங்கச் செயலாளர் எம்மினும் வயதில் மூத்தவர். “ஐயா, எலி சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் தின்பதில்லை. அது தின்னாமல் காக்கும் பூனைக்கு நான் சீட்டு எழுதினேன். அதுவா குற்றம்?” என்றார். நாம் சிரித்தோம், ஆயினும் ‘அனுமதியற்ற செலவு’ என்று ஆட்சேபணை எழுதிவிட்டே திரும்பினோம்.

அடுத்த ஆண்டு சென்றபோது செலவு நின்றிருந்தது. கிடங்கிலிருந்த இரண்டு பூனைகளும் கடைத்தெருவில் மீன் விற்கும் இடத்தோடு போய்விட்டன. அடுக்கின் அடிவரிசை மூட்டைகள் கடிபட்டுக் கிடந்தன. எடைக் குறைவு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அந்தக் குறைவுக்கு ஈடாகக் கிடங்கு எழுத்தரின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்துகொண்டிருந்தனர். அவர் நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். பூனை போனதனாலேயே இவ்வளவும் நேர்ந்ததென்று சாதிக்க நாம் துணியோம். அவ்வாண்டு மழையில் கிடங்கின் பின்கதவின் அடிப்பலகையும் உளுத்துப் போயிருந்தது. ஆனால், 240 ரூபாயைக் கண்டுபிடித்த எமது கண்ணுக்கு அந்தப் பலகை முந்திய ஆண்டே படவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பூனைக்குச் செலவெழுதுவது நகைப்புக்குரிய புதுமையன்று. 1868-ஆம் ஆண்டிலேயே லண்டன் மணியார்டர் அலுவலகத்தில், காகிதங்களைக் கடித்து நாசம் செய்த எலிகளை ஒடுக்க மூன்று பூனைகளை அமர்த்தி, அவற்றின் உணவுக்கு வாரம் ஒரு ஷில்லிங் என்று அஞ்சல் துறை அனுமதித்தது. கேட்டது இரண்டு ஷில்லிங்; கிடைத்தது ஒன்று. எஞ்சிய உணவைப் பூனைகள் எலிகளிடமிருந்தே தேடிக்கொள்ள வேண்டும் என்றும், ஆறு மாதத்தில் எலி குறையாவிடில் படியில் மேலும் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்றும் மேலதிகாரி நிபந்தனை விதித்தார். சோதனை வெற்றி கண்டது; 1873-இல் படி ஒன்றரை ஷில்லிங்காக உயர்ந்தது. செலவுக்கு அனுமதி, பலனுக்குக் காலவரை, முடிவைக் கண்டு மறுபரிசீலனை ஆகிய மூன்றும் அதில் இருந்தன. ஆட்சேபணை எழுதிய நாமும் அன்று இம்மூன்றையே பரிந்துரை செய்திருக்கலாம்.

எனினும் பூனையின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. அதனை அறியாமல் பூனை வளர்ப்பதும் வீண் செலவே. ஆங்கில நாட்டு உயிரியல் அறிஞர் சார்லஸ் எல்டன், பண்ணைகளில் பூனைகளைக் கொண்டு ஆராய்ந்து, 1953-இல் தம் முடிவை வெளியிட்டார். எலி மலிந்த பண்ணையில் பூனையை விட்டால் அது எலியை ஒழிப்பதில்லை. முதலில் எலிகளை வேறு வழியில் அகற்றிவிட்டுப் பின்னர் பூனை வைத்தால், எலி மீண்டும் குடியேறாமல் அது தடுக்கும். அந்தக் காவலும் கட்டடத்தைச் சுற்றி ஏறத்தாழ ஐம்பது கஜ தூரமே செல்லும். பூனைக்கு நாள்தோறும் உணவு அளித்தால்தான் அது இடத்தோடு தங்கும். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்று நம் ஊரில் சொல்லுவது சரியன்று. பட்டினியான பூனை சோறு கிடைக்கும் வேறிடம் தேடிப் போகும். நாம் கண்டதும் அதுவே.

அண்மைக்கால ஆராய்ச்சிகளும் இதற்கு அரண் செய்கின்றன. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கழிவு பிரிக்கும் ஆலையொன்றில் 79 நாட்கள் படக்கருவி வைத்துப் பார்த்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். அங்கு வாழ்ந்த பெரிய எலிகளுள் பூனைகளால் கொல்லப்பட்டவை இரண்டே. பூனை நடமாடும் பொழுதில் எலிகள் வெளிவராமல் பதுங்கின, குறையவில்லை. ஆப்பிரிக்காவின் எஸ்வாத்தினி நாட்டில், அன்று சுவாசிலாந்து எனப்பட்ட அந்நாட்டின் சிற்றூர் வீடுகளில் நடத்திய ஆராய்ச்சி 2017-இல் வெளிவந்தது. பூனை மட்டும் இருந்த வீட்டிலும், நாய் மட்டும் இருந்த வீட்டிலும் எலி நடமாட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்திருந்த வீடுகளில் குறைந்தது. சுண்டெலியையும் இளம் எலியையும் பூனை எளிதில் பிடிக்கும்; கொழுத்த பெருச்சாளியின் முன் அதுவும் தயங்கும். இவற்றால் தெளிவாவது யாதெனில், பூனை காவற்காரனே அன்றிப் படை அன்று. கதவில்லாத வீட்டுக்குக் காவற்காரன் வைத்து என்ன பயன்?

ஆகவே சங்கங்கள் செய்யத்தக்கன இவை. முதலாவது, நெல் வருமுன் கிடங்கின் துளைகளை அடைக்கவேண்டும். ஆறு மில்லிமீட்டர் இடைவெளி சுண்டெலிக்குப் போதும். கதவின் அடியில் தகரம் அடித்து, சாளரத்துக்கும் நீர்த்தாரைக்கும் நெருங்கிய கம்பிவலை இடவேண்டும். மூட்டைகளைக் கட்டைமேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஆள் நடக்க வழி விடவேண்டும். பூனைக்கும் அதுவே வழி. இரண்டாவது, உள்ளே தங்கிவிட்டவற்றை எலிப்பொறியும் கூண்டும் வைத்துப் பிடிக்கவேண்டும். மூன்றாவதாகவே பூனை. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைக் கிடங்கிலேயே வளர்த்தால் இடத்தோடு பழகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. சோறும் மீனும் போதும். கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் பொடிமீனுக்குப் பஞ்சமில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை செய்வதும், வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் சங்கத்தின் கடமை. ஒன்பது வாரத்தில் ஈனும் பிராணியைக் கட்டுப்பாடின்றி விட்டால், எலித்தொல்லை போய்ப் பூனைத்தொல்லை வந்து சேரும். பூனை கடித்தாலோ பிராண்டினாலோ, புண்ணைச் சோப்பிட்டுக் கழுவி உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும்.

நஞ்சைப் பற்றித் தனியே எச்சரிக்கிறோம். பூனை உள்ள கிடங்கில் எலிமருந்து வைக்கவே கூடாது. குருதி உறையாமற் செய்யும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். அதனைப் பிடித்துத் தின்னும் பூனையும் சாகக்கூடும். துத்தநாகப் பாஸ்பைடு மனிதர்க்கும் கொடிய நஞ்சு. அதற்கு மாற்று மருந்து கிடையாது. உண்ணும் தானியம் இருக்கும் இடத்தில் அதனைப் புழங்குவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும். பூச்சிக்காகக் கிடங்கில் புகைமூட்டம் இடும்போது, பூனைகளை அப்புறப்படுத்தி, காற்றோட்டம் முடிந்த பின்னரே உள்ளே விடவேண்டும்.

வயலுக்குப் பூனை பயன்படாது. அங்கே வரப்பை ஒடுக்கிக் கட்டி வளை பறிக்க இடமின்றிச் செய்வதும், தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும், ஆந்தை அமரக் கோல் நடுவதும், சாரைப்பாம்பைக் கொல்லாமல் விடுவதுமே முறை. வளை தோண்டி எலி பிடிப்பதில் கைதேர்ந்த இருளர் மக்களுக்கு உரிய கூலி கொடுத்து அழைப்பதும் நன்று.

பூனை குறுக்கே போனால் சகுனம் கெடும் என்று அங்கத்தினர் சிலர் ஆட்சேபிக்கலாம். எலி நாள்தோறும் குறுக்கே போவதைப் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள், பூனை போவதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே எமது பணிவான விடை.

இறுதியாக, கணக்கு. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ‘கிடங்கு எலிக் காப்பு’ என்றொரு பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு சங்கங்களை வேண்டுகிறோம். கதவுத் தகரம், கம்பிவலை, பொறி, பூனை உணவு, தடுப்பூசி அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு தொகையைத் தீர்மானித்து, கிடங்குப் பராமரிப்புத் தலைப்பில் எழுதலாம். மாதம் ஒருமுறை கடிபட்ட மூட்டைகளை எண்ணிப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். ஆறு மாதம் கழித்து, செலவையும் சேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பூனைக்குப் படி தொடரலாமா என்பது எவருக்கும் விளங்கும். எடைக் குறைவு நேர்ந்தால், எழுத்தர் சம்பளத்தில் பிடித்தம் செய்யத் தீர்மானிக்குமுன், கதவைப் பழுதுபார்க்கச் சங்கம் பணம் ஒதுக்கியதா என்று குழு தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

நாமும் இப்போது ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் பேரேட்டைத் திறக்குமுன் கிடங்கின் பின்கதவைப் பார்த்துவிட்டு வருகிறோம்.