நான்காவது ஆள் எங்கே?

“டிரம்ஸை எவன் அடித்தால் என்ன? பாட்டு பாட்டுதானே!” என்று சில ரசிக சிகாமணிகள் பேசி வருகிறார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ‘பிளாக் சப்பாத்’ என்ற ராக் இசைக்குழு 2017 பிப்ரவரி 4-ந் தேதி பர்மிங்காம் நகரில் தன் கடைசிக் கச்சேரி என்று சொல்லி ஒன்றை நடத்தியது. அது ஒலிப்பதிவாகவும் படமாகவும் அந்த ஆண்டு நவம்பரில் கடைக்கு வந்தது. அன்று ரசிகர்களிடையே மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. “கிழவர்கள் வெளுத்து வாங்கிவிட்டார்கள்!” என்று ஒரு சாரார் குதிக்கிறார்கள். இன்னொரு சாரார் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: “நான்காவது ஆள் எங்கே?”

நாம் கேள்வி கேட்டவர்கள் பக்கம் நிற்கிறோம். எங்கோ சீமையில் நடந்த பாட்டுக் கச்சேரிக்கும் மில்லில் நூல் நூற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தோழர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பாட்டின் பெயரால் அங்கே நடந்தது பங்குச் சண்டை. அந்தச் சண்டையில் நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

விரலைத் தின்ற மிஷின்

யார் இந்த நால்வர்? பர்மிங்காம் என்றால் பட்டறை. ஆஸ்டன் என்றால் அந்தப் பட்டறைகளுக்கு ஆள் கொடுத்த பேட்டை. அங்கே வளர்ந்த நான்கு பையன்கள் 1968-ல் கூடிக் குழு அமைத்தார்கள். பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் கசாப்புத் தொட்டியில் வேலை பார்த்தவர். கார் ஹாரன்களை ஊதிச் சோதிக்கும் வேலையும் செய்தார். திருட்டு வழக்கில் அபராதம் கட்டக் காசில்லாமல் சிறைக்கும் போனார். பாஸ் கிதார் வாசித்த கீஸர் பட்லர் கணக்கெழுதப் பழகியவர். டிரம்ஸ் பில் வார்டு. நான்காவதாக டோனி அயோமி, கிதார்காரர். இவருடைய கதையை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அயோமிக்கு அப்போது 17 வயது. தகரப் பட்டறையில் வேலை. இசையே இனித் தொழில் என்று முடிவு செய்து வேலையை விட்டு நிற்க இருந்தார். அன்று கடைசி நாள். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனிப் போக வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். “எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா” என்று தாய் திருப்பி அனுப்பினார். வழக்கமாகப் பிரஸ் மிஷினை ஓட்டும் பெண் அன்று வேலைக்கு வரவில்லை. பழக்கமில்லாத பையனை அந்த மிஷினில் நிறுத்தினார்கள். மிஷின் இறங்கியது. வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அயோமி இடது கைக்காரர். தந்தியை அழுத்துவது வலது கை. வாசிப்பை மறந்துவிடு என்றார்கள் வைத்தியர்கள்.

பட்டறை மேஸ்திரி அவரைப் பார்க்க வந்தபோது ஓர் இசைத்தட்டு கொண்டு வந்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் கிதாரில் உலகப் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு அது. அதைக் கேட்டபின் அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு மூடி செய்தார். அதன் மேல் தோல் ஒட்டிக்கொண்டார். கனத்த தந்தியை அழுத்த முடியாது. ஆகவே மெல்லிய தந்தி போட்டார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் தந்தியையே தளர்த்திச் சுருதியை இறக்கினார். நாதம் கீழே இறங்கி, இருண்டு, கனத்தது. ‘ஹெவி மெட்டல்’ என்று உலகம் இன்று கொண்டாடும் இசையின் வேரில் ஒரு தொழிற்சாலை விபத்து கிடக்கிறது! இதைப் பாடப் புத்தகத்தில் எழுதுவார்களா? எழுத மாட்டார்கள்.

முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. பத்திரிகை விமர்சகர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதன் முதல் பாட்டு ‘வார் பிக்ஸ்’. யுத்தத்தை மூட்டிவிட்டு ஒளிந்துகொண்டு ஏழை வீட்டுப் பிள்ளையைச் சாக அனுப்பும் பெரிய மனிதர்களை அது காறி உமிழ்ந்தது. அன்றையப் பாட்டுகளில் பெரும்பாலானவை நான்கு பேர் பெயரிலும் பதிவானவை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1979-ல் ஆஸ்பர்னை நீக்கினார்கள். அந்தச் செய்தியை அவரிடம் போய்ச் சொல்லும் பாழாய்ப்போன வேலை வார்டின் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டு வார்டும் போனார். பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை.

1997 டிசம்பர் 4, 5 இரண்டு நாட்களும் பர்மிங்காம் கண்காட்சி வளாகத்து மண்டபத்தில் நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள். அந்த ஒலிப்பதிவு 1998 அக்டோபரில் ‘ரீயூனியன்’ என்ற பெயரில் வந்தது. அதற்கும் ரசிகர்கள் குறை சொல்லாமல் இல்லை. கடைசியில் ஒட்டவைத்த இரண்டு புதிய பாட்டுகளும் சப்பை என்றார்கள் சிலர். அது ஓரளவு உண்மைதான். பாடகர் பாட்டுக்கு நடுவே கையைத் தூக்கு, கையைத் தூக்கு என்று கத்தித் தொலைக்கிறாரே என்றார்கள், அதுவும் உண்மை. “எல்லாம் பணத்துக்காகக் கூடினார்கள்” என்று இன்னும் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். இவர்களை மட்டும் சும்மா விட முடியாது. பணத்துக்காக உழைப்பது பாவமா? நாம் மில் வாசலில் சங்கு ஊதும்போது போய் நிற்பது மோட்சத்துக்காகவா? உழைத்தவன் கூலி கேட்டால் கலையின் கற்பு போய்விடும் என்பது, கூலி கொடுக்க மனமில்லாதவன் கட்டிய கதை!

அந்தத் தட்டு தொடங்குவதே ‘வார் பிக்ஸ்’ பாட்டில்தான். மண்டபம் முழுவதும் சேர்ந்து பாடுகிறது. அதன் அடியில் வார்டின் கை கேட்கிறது. அவர் ஜாஸ் டிரம்ஸ்காரர்களைக் கேட்டு வளர்ந்தவர், கடிகாரம்போல் அடிப்பவரல்ல. கிதார் முன்னே போனால் ஒரு மயிரிழை பின்தங்குவார். கிதார் நின்றால் இவர் ஓடி நிரப்புவார். ஏற்றத்தில் மேலே நடப்பவனும் கீழே சால் பிடிப்பவனும் ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்து இறைப்பதுபோல் இருக்கும். மேலே ஆளை மாற்றிப் பாருங்கள். தண்ணீர் வரும், ஆனால் அந்த வீச்சு வராது. 1998-ல் வார்டுக்கு மாரடைப்பு வந்தது. சிறிது காலம் வேறொருவர் அடித்தார். குணமானதும் வார்டு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். யாரும் தடுக்கவில்லை. இந்தத் தட்டிலுள்ள ‘அயர்ன் மேன்’ பாட்டுக்கு 2000-ல் கிராமி விருதும் கிடைத்தது.

பூட்டி வைத்த ஒப்பந்தம்

வேடிக்கை இனிமேல்தான். 2009-ல், குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஆஸ்பர்ன் அயோமி மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டார். பெயர் நால்வருக்கும் சமமாகச் சேர வேண்டும் என்பதே தம் கருத்து என்று அப்போது அறிவித்தார். நல்ல பேச்சு! அடுத்த ஆண்டு இருவரும் சமரசம் ஆனார்கள். 2011 நவம்பர் 11-ந் தேதி நால்வரும் மேடையேறி, மீண்டும் கூடுகிறோம், புது ஆல்பம், உலகச் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள். மூன்று மாதம் ஆகவில்லை. 2012 பிப்ரவரியில், கையெழுத்துப் போடத் தகுந்த ஒப்பந்தம் தரப்படாவிட்டால் வரமுடியாது என்று வார்டு பகிரங்கமாக அறிக்கை விட்டார். அப்படிப்பட்ட ஒப்பந்தம் அவர் கைக்கு வரவே இல்லை. ஷரத்துகள் இன்றுவரை பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றன. மற்ற மூவரும் அவர் இல்லாமலே புறப்பட்டார்கள்.

ரசிகர்களில் ஒரு கூட்டம் உடனே வார்டு மீது பாய்ந்தது. “அயோமிக்குப் புற்றுநோய், இந்த நேரத்தில் ஒப்பந்தம் பேசுகிறாரே, இரக்கமில்லாதவர்!” என்றார்கள். அயோமிக்கு 2012 ஜனவரியில் நோய் தெரிந்தது உண்மை. அவருடைய சிகிச்சை நாட்களைப் பார்த்து, அதற்குத் தகுந்தபடியே பயணத் தேதிகளை வகுத்தார்கள். நியாயம்; மனமார வரவேற்கிறோம். ஆனால் நோயாளியான கிதார்காரருக்காகத் தேதியை வளைக்க முடிந்தவர்களுக்கு, டிரம்ஸ்காரருக்காக ஒரு ஷரத்தை வளைக்க முடியவில்லையே, ஏன்? இதற்கு அந்தச் சிகாமணிகள் பதில் சொல்லட்டும்.

2013-ல் வேறு பாட்டு பாடினார்கள். வார்டின் உடம்பு கனத்துவிட்டது, அவரால் முடியாது என்று ஆஸ்பர்னே பேட்டி கொடுத்தார். வார்டு மறுத்தார், 2015-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கச் சொன்னார். தோழர்களே, இந்தப் பாஷையை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? கணக்குக் கேட்கிறவரை ஆள் திடகாத்திரம். கணக்குக் கேட்ட மறுநாள் அவனுக்குக் கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது, வயதாகிவிட்டது!

வார்டின் இடத்தில் மேடையில் உட்கார்ந்தவர் டாமி கிளஃபெட்டோஸ் என்ற இளைஞர். அவரை ஏசும் ரசிகர்களும் உண்டு, அது தவறு. பதிலியாக வந்தவன் மீது என்ன குற்றம்? அவரும் கூலிக்கு வந்தவர், நன்றாகவே அடித்தார். ஆனால் 2017-ல் அந்தக் கடைசி இரவில் வாசித்த பாட்டுகளைப் பாருங்கள். அத்தனையும் 1970-களின் பாட்டுகள். அத்தனைக்கும் முதன்முதல் தாளம் கட்டியவர் வார்டு. விதைத்தவன் வரப்பில் நிற்கக்கூட வழியில்லாமல் அறுவடை நடந்தது.

பர்மிங்காம் ஜனங்கள் கணக்கை மறக்கவில்லை. 2019-ல் நகரின் கால்வாய்ப் பாலம் ஒன்றுக்கு இந்தக் குழுவின் பெயரை வைத்தார்கள். அங்கே போட்ட பெஞ்சில் இருப்பவை நான்கு முகங்கள்.

2025 ஜூலை 5-ந் தேதி ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் நால்வரும் 20 ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்து வாசித்தார்கள். லாபம் நடுக்குவாத நோய் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் என்று அறிவித்தார்கள். 77 வயது வார்டு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு பாட்டுகள் அடித்தார். “நாலு பாட்டு அடிப்பதும் இரண்டு மணி நேரம் அடிப்பதும் ஒன்றா?” என்று உடனே ஒரு குரல் கிளம்பியது. ஒன்றல்லதான். பாதிப் பாட்டுக்கு அவர், பாதிக்குப் பதிலி என்று 2017-ல் ஏற்பாடு செய்ய யார் கையைக் கட்டிப் போட்டார்கள்? நடுக்குவாதத்தால் கால் ஓய்ந்த ஆஸ்பர்ன் அன்று நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடினார். மைதானமே அழுதது. பாடகரை உட்காரவைத்துப் பாடவிடலாம் என்றால் டிரம்ஸ்காரர் ஏற்கெனவே உட்கார்ந்துதானே அடிக்கிறார்!

அதற்குப் பதினேழாம் நாள், ஜூலை 22-ல், ஆஸ்பர்ன் காலமானார். ஜனங்கள் அந்தப் பாலத்துப் பெஞ்சைப் பூவால் மூடினார்கள். இனி நால்வர் சேர்வது என்பது இல்லை.

மிஞ்சியிருப்பவை ஒலிப்பதிவுகள். யார் அடித்தால் என்ன என்று இன்னும் சாதிக்கிறவர்களை நாம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறோம். 1998-ல் வந்த தட்டில் ‘வார் பிக்ஸ்’ கேளுங்கள். பிறகு 2017-ல் வந்ததைப் போட்டு அதே பாட்டைக் கேளுங்கள். ஊர் அதேதான், மண்டபமும் அதேதான், பெயர்ப் பலகை மட்டும் மாறியிருந்தது. கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.