மெதட்டைப் பெயர் சொல்லித் தேடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, சி ஷார்ப் மொழியில் புரோகிராம் எழுதிப் பழகுபவர்களுக்கு டெலிகேட் என்ற சொல் சீக்கிரமே எதிர்ப்படும். பயப்பட வேண்டாம். ஒரு மெதட்டைச் சுட்டி வைத்துக் கொண்டு, வேண்டும்போது அதை இயக்கித் தருவதுதான் டெலிகேட்.

பூதலூர்ப் பக்கத்து வாசகர்களுக்குக் கல்லணையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. ஒவ்வொன்றின் நீர் அளவையும் கணக்கிட ஒரு மெதட் வீதம் நான்கு எழுதியிருப்பதாக வைத்துக் கொள்வோம். பட்டியலில் எந்தப் பெயரைக் கிளிக் செய்கிறோமோ, அந்த மெதட் இயங்க வேண்டும். 2002ல் வெளிவந்த டாட்நெட்டின் முதல் பதிப்பிலிருந்தே இதற்குக் கிரியேட்டெலிகேட் என்ற வசதி உண்டு. மெதட்டின் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால், புரோகிராம் இயங்கும்போதே அதைத் தேடிப் பிடித்து டெலிகேட்டாகத் தந்துவிடும்.

வசதிதான். ஆனாலும் புதியவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

மெதட் பெயரை நேரடியாக எழுதும்போது தவறு செய்தால், கம்பைலர் அங்கேயே பிழை காட்டிவிடும். மேற்கோள் குறிக்குள் இருப்பதை அது சரிபார்ப்பதில்லை. வெண்ணாறு அங்கே 'வென்னாறு' ஆகிவிட்டால், உங்களிடம் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். உங்கள் புரோகிராமைப் பயன்படுத்துபவர் வெண்ணாற்றைக் கிளிக் செய்யும் அன்றுதான் பிழைச்செய்தி வரும், விழிப்பவர் அவர்.

சி ஷார்ப்பில் மெதட்டுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கொள்ளிடத்தின் 'கொ'வில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பெயரைத் தேடும் கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வேறு வேறு.

மாற்று வழி எளிது. டிக்ஷனரி ஒன்றில் நான்கு பெயர்களையும், அவற்றுக்கு நேரே மெதட்களை மேற்கோள் குறி இல்லாமலும் எழுதுங்கள். திரையில் காட்டும் பட்டியலையும் அதிலிருந்தே நிரப்புங்கள். எழுத்துப் பிழைக்கு இடமே இராது.

பிறர் பின்னால் எழுதித் தரும் பிளக்-இன்களைச் சேர்க்கும்போது, மெதட் பெயர் முன்கூட்டியே தெரியாமல் இருக்கலாம். கிரியேட்டெலிகேட் அங்கே பயன்படட்டும். அப்போதும், பயனாளர் டைப் செய்ததை அப்படியே மெதட் பெயராக ஏற்காதீர்கள். எதை இயக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்து வையுங்கள்.