மீனுக்கு ஒரு காலிங் பெல்

14, 18, 23, 28, 34, 42, 50... அடுத்த எண் என்ன? கணக்கு வாத்தியார்கள் உடனே பேனாவை எடுப்பார்கள். வித்தியாசம் 4, பிறகு 5, மறுபடி 5, அப்புறம் 6, 8, 8. எந்தச் சூத்திரத்துக்கும் மசியாது. காரணம், இது கணக்கே இல்லை. நியூயார்க் நகரின் 1-ம் நம்பர் பாதாள ரயில் வரிசையாக நின்று போகும் தெருக்களின் எண்கள். அடுத்த ஸ்டேஷன் 59-வது தெரு.

இந்த விடுகதைக்கு விடை வைத்திருப்பது எண் வரிசைகளுக்காகவே இன்டர்நெட்டில் இருக்கும் ஒரு கலைக்களஞ்சியம். 1964-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த நீல் ஸ்லோன், தன் வேலைக்குத் தேவைப்பட்ட எண் வரிசைகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். சேர்ந்தது 1973-ல் புத்தகமானது. 1996-ல் இன்டர்நெட்டுக்கு வந்தது. இப்போது அதில் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான வரிசைகள். தெரிந்த நாலைந்து எண்களைத் தட்டினால் அவற்றின் குலம் கோத்திரம் எல்லாம் வந்துவிடும். ராமானுஜனின் 1729-க்கும் அங்கே இடம் உண்டு. இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. ஹார்டி வந்த டாக்ஸியின் நம்பர் என்பதால், அந்த ஜாதி எண்களுக்கு 'டாக்ஸி எண்கள்' என்றே பெயர். இவ்வளவும் போதாதென்று, எந்த வரிசையையும் இசையாக வாசித்துக் காட்டும் வசதி வேறு. யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது.

இன்டர்நெட்டில் அலைபவர்களுக்குக் கிடைக்கும் ருசியான பண்டங்களில் பல இதே சமையலறையில் தயாரானவைதான். யாரோ ஒருவரின் சின்னத் தேவை, அல்லது ஒரு தினுசான பைத்தியம். லாபக் கணக்குப் பார்த்துத் தொடங்கியவை அல்ல. முன்பின் தெரியாத ஜனங்கள் வந்து எட்டிப் பார்த்துச் சொந்தம் கொண்டாடிவிட்டார்கள்.

முன்னோடி ஒரு காபி பாத்திரம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் 'ட்ரோஜன் ரூம்' என்ற அறைக்கு வெளியே காபி மெஷின் இருந்தது. மாடியில் வேலை பார்த்தவர்கள் படி இறங்கி வந்து, காலிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது வழக்கம். 1991-ல் இருவர் பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தினார்கள். காபி இருக்கிறதா என்று அவரவர் மேஜையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். 1993-ல் அந்தப் படம் உலகத்துக்கே திறந்துவிடப்பட்டது. தபால்தலை அளவு, கறுப்பு வெள்ளை, அசையாத படம். ஆனாலும் தன் வாழ்நாளில் கேம்பிரிட்ஜ் பக்கமே போகாதவர்கள் அந்தக் காபியின் மட்டத்தைக் கண்காணித்தார்கள். 2001 ஆகஸ்ட் 22-ல் கேமரா அணைக்கப்பட்டபோது அது பத்திரிகைச் செய்தி. பாத்திரத்தை ஏலத்தில் 3,350 பவுண்டு கொடுத்து வாங்கியது ஜெர்மனியின் 'டெர் ஸ்பீகல்' பத்திரிகையின் இன்டர்நெட் பிரிவு.

அந்தக் கேமராவின் வாரிசு இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகரின் கால்வாயில் படகுகள் கடந்துபோகப் பழைய மதகு ஒன்று உண்டு. இளவேனில் வந்தால் மீன்கள் முட்டையிட ஆழம் குறைந்த இடம் தேடி நீந்தி வரும். ஆனால் அந்தப் பருவத்தில் படகுப் போக்குவரத்து குறைவு. மதகு மூடியே கிடக்கும். கதவுக்கு வெளியே காத்துக் கிடக்கும் மீன்களை நீர்ப்பறவைகள் வந்து விருந்தாக்கிக்கொள்ளும்.

2021-ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்குள் கேமரா. அதன் நேரடிக் காட்சி இன்டர்நெட்டில். பக்கத்தில் ஒரு பட்டன். பாட்னாவிலோ பாளையங்கோட்டையிலோ உட்கார்ந்திருப்பவர் கண்ணில் மீன் பட்டால் பட்டனை அமுக்க வேண்டியது. படம் பதிவாகி மதகுக்காரர்களுக்குப் போகும். போதுமான மீன்கள் சேர்ந்துவிட்டன என்று தெரிந்தால் அவர்கள் கதவைத் திறப்பார்கள். அதாவது, மீனுக்குக் காலிங் பெல். மீனுக்குக் கையில்லாததால் மனிதர்கள் அடிக்கிறார்கள்.

உள்ளபடி சொன்னால், பெரும்பாலான நேரம் அதில் தெரிவது பச்சையாகக் கலங்கிய தண்ணீர்தான். இலை ஒன்று மிதந்து போகும். ஏமாந்து பெல்லை அடித்தவர்கள் அசடு வழிவார்கள். திடீரென்று ஒரு விலாங்கு வளைந்து நெளிந்து போகும். அதைப் பார்க்க ஆண்டுதோறும் மார்ச்சில் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். சினிமா பாட்டு இல்லை, சண்டை இல்லை, பரிசு இல்லை. ஆனால் எங்கோ ஓர் ஊரில் ஒரு மீன் கதவைத் தாண்டிப் போனதில் தனக்கும் பங்கு உண்டு என்ற திருப்தி இருக்கிறதே, அதை வேறு எந்த ஸ்க்ரீனும் தருவதில்லை.

சில சமயம் அரசாங்க அலுவலகமே தெரியாத்தனமாக இப்படி ஒன்றைச் செய்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மாநகராட்சி, நீண்ட வறட்சியில் வாடிப்போன தன் மரங்களுக்குக் கணக்கெடுத்து நம்பர் போட்டது. சுமார் 70,000 மரங்கள். 2013-ல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஈமெயில் முகவரி. கிளை முறிந்தால், நோய் கண்டால் ஜனங்கள் புகார் எழுதட்டும் என்பது எண்ணம். ஜனங்கள் எழுதினார்கள். ஆனால் புகாரை அல்ல, காதல் கடிதத்தை. நிழலுக்கு நன்றி, சௌக்கியமா என்ற விசாரிப்பு, அழகைப் புகழ்ந்து நாலு வரி. வெளிநாடுகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. சில கடிதங்களுக்கு மரமே எழுதுவது போலப் பதிலும் போனது. குறைதீர்ப்பு மனுப் பெட்டி இப்படிக் கௌரவம் பெற்றது சரித்திரத்தில் அபூர்வம்.

இந்தியாவில் இந்த வகையில் முதல் மரியாதை ரயில் பைத்தியங்களுக்கு. அமெரிக்காவில் இருந்த இந்திய ரயில் ரசிகர்கள் 1989-ல் தொடங்கிய சங்கம் 'ஐஆர்எஃப்சிஏ'. உறுப்பினர்கள் ஓய்வு நேரத்தில் சேர்த்த தகவல்கள் அதன் வெப்சைட்டில் மலைபோல் குவிந்திருக்கின்றன. டீசல் என்ஜினில் எழுதியிருக்கும் 'டபிள்யூடிஎம்' என்ற எழுத்துகளைப் பல லட்சம் பயணிகள் பார்த்திருப்பார்கள். அர்த்தம் கேட்டவர் சிலர்தான். 'டபிள்யூ' என்றால் அகலப் பாதை, 'டி' டீசல், 'எம்' பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும். மீட்டர் கேஜ் என்றால் முதல் எழுத்து 'ஒய்'. குறுகிய பாதை என்றால் 'இசட்'.

ஒரு தகவலைப் பிடித்தால் அடுத்தது தானாக வரும். ஒடிசாவில் 'இப்' என்று ஒரு ஸ்டேஷன், ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. அரக்கோணம்-ரேணிகுண்டா பாதையில் வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை. பலகைக்கே தனி பட்ஜெட் தேவைப்படும். நீளமான பெயர் என்ற அதன் பட்டத்துக்கு 2019-ல் போட்டி வந்தது, சென்னை சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆரின் பட்டம், பெயர் எல்லாவற்றையும் சேர்த்துச் சூட்டியபோது. நவாபூர் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் ஒரு பகுதி மகாராஷ்டிரம், மறு பகுதி குஜராத். ஒரே பெஞ்சில் இருவர் இரண்டு மாநிலங்களில் உட்காரலாம். பரீட்சைக்கு உதவுமா? உதவலாம். அதற்காக யாரும் சேர்க்கவில்லை என்பதுதான் விசேஷம்.

இப்படிப்பட்டவற்றைத் தேடிப் போனால் கிடைக்காது. தடுக்கி விழ வேண்டும். 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் இந்தியர்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்க ஆரம்பித்தபோது அலைவதைத் தவிர வேறு வழியில்லை. மோடம் கிறீச்சிட்டு இணைப்பு கிடைப்பதே பாக்கியம். படம் தலையிலிருந்து இடுப்புக்கு இறங்குவதற்குள் டீ ஆறிவிடும். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று எங்கோ போய்ச் சேரலாம். இன்று படம் கண் இமைப்பதற்குள் வருகிறது. எந்தப் படம் என்று தீர்மானிப்பதுதான் பெரும்பாலும் பார்ப்பவர் அல்ல. நேற்று பார்த்ததைப் போலவே இன்னொன்றை ஃபோனே எடுத்து நீட்டுகிறது. கிரிக்கெட் பார்த்தவருக்கு மேலும் கிரிக்கெட். மீன் பெல்லை ஒருநாளும் பார்க்காதவருக்கு அது நீட்டப்பட வாய்ப்பு குறைவு.

யாரும் வராத கடைக்கு ஷட்டர் விழுவதும் சகஜம். 1994-ல் தொடங்கிய 'ஜியோசிட்டீஸ்' சாதாரண ஜனங்களுக்கு இலவசமாக இடம் கொடுத்தது. வீட்டு நாய், அபிமான நடிகர், குடும்ப ஆல்பம் என்று கோடிக்கணக்கான பக்கங்களை அவர்கள் கட்டினார்கள். 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. தன்னார்வலர்கள் இரவு பகலாகப் பிரதியெடுத்ததில் ஒரு பகுதிதான் பிழைத்தது. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போயிருந்தன. புத்தகம் அச்சு நின்றாலும் எந்த வீட்டுப் பரணிலாவது ஒரு பிரதி கிடக்கும். வெப்சைட்டுக்குப் பரண் கிடையாது.

அந்தப் பரணைக் கட்டத்தான் 1996-ல் ப்ரூஸ்டர் கேல் சான்ஃபிரான்சிஸ்கோவில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தொடங்கினார். ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் அது, 2025 அக்டோபரில் ஒரு லட்சம் கோடிப் பக்கங்களைச் சேமித்த கணக்கைத் தொட்டது. ஆனால் எதைக் காப்பாற்றுவது என்று சொல்ல ஆள் வேண்டும். அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பாதுகாக்கச் சொல்லலாம். காசு கேட்பதில்லை. ரசித்துவிட்டு, சிரித்துவிட்டு நகர்பவர்கள் போகும்போது செய்யக்கூடிய கைம்மாறு அது. ரயில் ஸ்டேஷன் பட்டியல் சேர்த்தவருக்கும் தெரியப்போவதில்லை, மீனுக்கும் தெரியப்போவதில்லை. அடுத்து தடுக்கி விழப்போகிறவருக்கு மட்டும் தெரியும்.