பலா விளையும் மாவட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலி

மிருதங்கம் செய்பவர்கள் பண்ருட்டிப் பலாக் கட்டையைத் தேடி வாங்குகிறார்கள். வீணைக்கும் பலாதான். அந்தப் பலா வளரும் கடலூர் மாவட்டத்தில், நான்கு வயதுப் பிள்ளை உட்கார்ந்து படம் வரைய ஒரு நாற்காலி வேண்டுமென்றால், பெற்றோர் கடலூர் லாரன்ஸ் ரோட்டுக்கோ சிதம்பரம் மேல வீதிக்கோ போய், பொம்மைப் படம் ஒட்டிய பிளாஸ்டிக் செட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதையும் வாங்காத வீட்டில், பிள்ளை பெரியவர்களின் சாப்பாட்டு மேசையில் முகவாயை முட்டுக்கொடுத்துக்கொண்டு எழுதுகிறது. கால் இரண்டும் அந்தரத்தில் தொங்குகின்றன.

இதை மாற்றப் பெரிய செலவும் வேண்டாம், பெரிய வித்தையும் வேண்டாம். ஒரு கன அடி மரமும் பிள்ளைக்கு அளவெடுக்கத் தெரிந்த ஓர் ஆசாரியும் போதும். ஆசாரி கிடைக்காவிட்டால், கேட்டுக் கேட்டுச் செய்யத் தயாராக இருக்கும் ஓர் அப்பாவோ அம்மாவோ போதும்.

பிள்ளையின் உடம்புக்கு ஏற்ற மேசை நாற்காலி என்பதை ஒரு கல்விக் கொள்கையாகவே பேசியவர் மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் திறந்தது. அசையாத பெஞ்சுகள் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளே தூக்கி நகர்த்தும்படி லேசான மேசை நாற்காலிகளைச் செய்ய வைத்தார். நாற்காலி இடறிச் சத்தத்தோடு விழுந்தால் அதுவே பிள்ளைக்குப் பாடம், அடுத்த முறை பார்த்து நடக்கும் என்பது அவர் வாதம். (விழுந்தாலும் சத்தமே போடாத பிளாஸ்டிக்கை அவர் என்ன சொல்லியிருப்பாரோ.) அந்த அம்மையார் தமிழ்நாட்டுக்கு அந்நியர் அல்லர். 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

அரசுப் பள்ளிகளும் இந்தப் பாடத்தைப் பாதி படித்தவைதான். 2007–08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது, தொடக்கப் பள்ளிச் சுவர்களில் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை தீட்டினார்கள். ஆசிரியரும் பாய்க்கு வந்தார். கரும்பலகை இறங்கியது, மேசையை யாரும் நினைக்கவில்லை.

தரையில் உட்கார்ந்து படித்தவர்கள் எல்லாம் கெட்டா போய்விட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். சம்மணம் போட்டு உட்கார்வதில் ஒரு குறையும் இல்லை. கதை கேட்க, பாட, பல்லாங்குழி ஆட, பாயைப் போல வசதி வேறில்லை. ஆனால் தரையில் நோட்டை வைத்து நெடுநேரம் குனிந்து எழுதுவது வேறு சங்கதி. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை தரையில் உட்கார்ந்தாலும், எதிரே ஒரு சாய்வு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் பேரேட்டைத் திறந்தார். அந்தச் சாய்வு மேசையைச் செய்தது உள்ளூர் ஆசாரி. சாப்பிட உட்காரும் மணையையும், நடை பழகும் பிள்ளைக்கு நடைவண்டியையும் செய்தது அவரே. ஆக, வீட்டுப் பிள்ளைக்கென்று மரத்தில் செய்து கொடுப்பது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. நடுவில் விட்டுப்போன பழக்கம், அவ்வளவுதான்.

அளவு பிள்ளையின் காலிலிருந்து வர வேண்டும். செருப்பில்லாமல் நிற்க வைத்து, உள்ளங்காலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தால் கிடைப்பதுதான் நாற்காலியில் உட்காரும் பலகையின் உயரம். அரை அங்குலம் குறைந்தால் பாதகமில்லை, கூடினால் பாதம் தரையில் பதியாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 26 செ.மீ. நாற்காலி, 46 செ.மீ. மேசை என்கிறது ஐரோப்பாவின் பள்ளி மேசை நாற்காலித் தரநிலை. ஆசாரி கணக்கில் 10 அங்குல நாற்காலி, 18 அங்குல மேசை. இரண்டுக்கும் இடையே உள்ள எட்டு அங்குலம்தான் சூட்சுமம். இடைவெளி கூடிவிட்டால் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு எழுதும், குறைந்தால் கூன் போடும். நார்வேக்காரர் பீட்டர் ஓப்ஸ்விக் 1972இல் வடிவமைத்த ‘ட்ரிப் ட்ராப்’ நாற்காலி உலகமெங்கும் விற்கிறது. அதன் உயிரும் காலுக்கு ஊன்றக் கொடுத்த ஒரு பலகையில்தான் இருக்கிறது. பிள்ளை வளர வளர அதை இறக்கிக்கொள்ளலாம்.

மரத்துக்கு வருவோம். தேக்குதான் வேண்டும் என்பது கௌரவப் பிரச்சினை, தேவை அல்ல. பலாப் பலகையில் இழைப்புளி ஓடி முடித்ததும் பார்த்தால், பசுமஞ்சள் கிழங்கை நறுக்கி வைத்தது போல இருக்கும். மாதங்கள் போகப் போக வெளிச்சம் பட்டுத் தேன் நிறத்துக்கு வரும், பிறகு செம்பழுப்பாகும். இலங்கையிலும் பர்மாவிலும் பிக்குகளின் ஆடைக்குச் சாயம் ஏற்றியது இந்த மஞ்சளைக் கொண்டுதான். பலாவின் வைரத்தைக் கரையான் லேசில் தொடாது. ஆனால் வெளியே சுற்றியிருக்கும் வெளுத்த பகுதியை வண்டு துளைத்து உளுக்க வைத்துவிடும். அதனால் பலகை அறுக்கும்போதே வெளுப்பைக் கழித்துவிட வேண்டும். வாய்க்கால் கரைப் பூவரசும் நல்ல மரம். இழை நெருக்கமானது, வழவழப்பாக இழையும். அகலப் பலகை கிடைப்பது அரிது என்பதால் காலுக்கும் சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். வேம்பும் ஆகும், நன்றாகக் காய்ந்திருந்தால். சிதம்பரத்தின் தல மரமான தில்லையை மட்டும் இந்தப் பேச்சில் சேர்க்கக் கூடாது. பிச்சாவரம் சதுப்பில் நிற்கும் அந்த மரத்தின் பால் பட்டால் கண்ணே கெட்டுவிடும். அது வனத்தின் மரம், அங்கேயே நிற்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சரக்கு அடுக்கும் பேலட் பலகையைப் பிரித்து மேசை செய்வது இப்போது ஒரு மோகம். ஏற்றுமதி பேலட்டில் முத்திரை குத்தியிருப்பார்கள். ‘எச்.டி.’ என்றால் சூட்டில் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. எச்.டி. என்று இருந்தாலும், அந்தப் பலகையின் மேல் பிற்பாடு எது சிந்தியது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. கடலூர்–சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் வளாகத்தில் ரசாயன ஆலைகளும் மருந்து ஆலைகளும் இருக்கின்றன. அங்கிருந்து கழித்துவிடும் பேலட் மலிவாகக் கிடைக்கிறது என்று, பிள்ளை வாய் வைக்கும் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

மலிவு மரம் வேறு வழியில் இந்த மாவட்டத்துக்கு வந்திருக்கிறது, மிகக் கொடிய வழியில். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் தாத்தா வைத்த பலாவும் முந்திரியும் ஒரே பொழுதில் சாய்ந்தன. ஊர் முழுக்க மரம் விழுந்துகிடந்தால் விவசாயி யாரிடம் விலை பேசுவார்? அடிமாட்டு விலைக்கு விறகாகப் போனது.

ஒரு கட்டையில் என்ன தேறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரக்கடை வழக்கப்படி, சுற்றளவை நாலால் வகுத்து, வந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். நாலடிச் சுற்றும் ஆறடி நீளமும் உள்ள பலாக் கட்டை 6 கன அடி. 24க்கு 18 அங்குலத்தில் முக்கால் அங்குலக் கனமுள்ள மேல்பலகை, ஒன்றரை அங்குலச் சதுரக் கால்கள், சட்டங்கள், இரண்டு நாற்காலிகள் எல்லாம் சேர்த்து முடித்த வேலையில் நிற்கும் மரம் ஏறத்தாழ முக்கால் கன அடிக்குள்தான். இழைப்பிலும் அறுப்பிலும் போவதைச் சேர்த்தால் ஒரு கன அடி. மில்லில் தூளாகப் போவதைக் கழித்தாலும் அந்த ஒரு கட்டையில் நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு மேசை நாற்காலி ஆகிவிடும். நாற்காலி ஒன்று மூன்று கிலோவைத் தாண்டாது. மூன்று வயதுப் பிள்ளை இரண்டு கையாலும் தூக்கி, தனக்குப் பிடித்த சன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும்.

வேலையில் கடலோரத்துக்கென்று சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை உப்புக் காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்து, மரத்தில் கறை இறங்கி, ஒருநாள் தலையை நீட்டும். அந்தத் தலை பிள்ளையின் தொடையைத்தான் முதலில் கிழிக்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போட வேண்டும். அதைவிட நல்லது, காலில் துளை எடுத்து, சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, ஃபெவிகால் தடவி இறுக்கி, குறுக்கே ஒரு மூங்கில் முளை அடிப்பது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலகை அகலவாட்டில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும், நீளவாட்டில் அசையாது. ஆகவே மேல்பலகையைச் சட்டத்தோடு ஒட்டவே கூடாது. சட்டத்தில் நீள்துளை போட்டு, கீழிருந்து திருகாணி ஏற்றினால் பலகை நகர இடம் இருக்கும். இதைச் செய்யாத மேசைகள்தான் நடுவில் வாய் பிளக்கின்றன. நாற்காலியின் பின்கால்களைத் தரையில் ஓர் அங்குலம் பின்னுக்குத் தள்ளி ஊன்றினால் மல்லாந்து விழாது. விளிம்புகளை உருட்டி, உப்புத்தாள் போட்டு, கடைசியில் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். எங்காவது உரசினால் வேலை முடியவில்லை என்று பொருள்.

வண்ணம் பூசுவதானால் டின்னைப் படித்துவிட்டுப் பூச வேண்டும். 2017 நவம்பர் 1 முதல், வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. பரணில் கிடக்கும் அதற்கு முந்தைய எனாமல் டின்னுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியில் கை வைக்கும், பிள்ளையோ மேசை விளிம்பைக் கடிக்கும். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் வேண்டாம். படகுக்குப் பூச அது நல்ல மருந்து, தோலில் பட்டால் புண்ணாக்கும்.

கடையில் கிடைக்காததைப் பிள்ளைக்குத் தானே செய்து கொடுத்த ஒருவரின் கதை இது. 1944இல் டென்மார்க் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. அந்நாட்டு நாற்காலி வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் தன் நண்பர் போர்கே மோகென்சனின் மகன் பீட்டருக்கு ஏதாவது பரிசு வாங்க நினைத்தார். போர்க்காலக் கடைகளில் உருப்படியாக ஒன்றும் இல்லை. செருப்புத் தைப்பவரின் மகனான வெக்னர் சிறுவயதிலேயே தச்சுப் பட்டறையில் தொழில் பழகியவர். தானே ஒரு நாற்காலி செய்தார். நான்கே பலகைகள், ஆணி இல்லை, திருகு இல்லை. பிள்ளையே கழற்றிக் கோத்து விளையாடலாம். உலகப் புகழ்பெற்ற நாற்காலிகள் பலவற்றை வடிவமைத்த அந்த மனிதரின் ‘பீட்டர் நாற்காலி’ இன்றும் தயாராகிறது.

கடலூர் முதுநகரில் மரப்படகு கட்டியவர்களுக்கும், சிதம்பரத்தின் ஐந்து தேர்களுக்கு வேலை பார்ப்பவர்களுக்கும் இதெல்லாம் விளையாட்டு. ஆனாலும் பிள்ளை நாற்காலி என்று போய் நின்றால் சின்ன வேலை என்று ஆசாரி தட்டிக்கழிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய கூலியைப் பிளாஸ்டிக் நாற்காலியின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிற வழக்கம்தான் அவரை விரட்டியது. பக்கத்து வீடுகள் மூன்று நான்கு சேர்ந்து, ஒரே அளவில் நான்கு செட் கேட்டால் அவருக்கும் கட்டுப்படியாகும். இரண்டு வருடத்தில் சின்னதாகிவிடுமே என்றால், ஆகட்டும். தம்பி உட்காருவான். அவனும் வளர்ந்த பிறகு பாட்டிக்குப் பூக்கட்ட ஒரு முக்காலி மிச்சம்.

வீட்டைத் தாண்டி அரசு செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கின. இன்னொரு பக்கம், புயலில் சாய்ந்ததும் சாலை அகலப்படுத்த வெட்டியதுமாகப் பொது இடத்து மரங்கள் ஏலத்துக்குப் போகின்றன. கட்டைகள் விறகுக் குவியலுக்குப் போகுமுன், பலகைக்குத் தேறும் வேம்பு, வாகை, பூவரசைக் கடலூர் மாவட்ட நிர்வாகம் பிரித்து எடுத்து வைக்கலாம். மார்கழியில் விழுந்த மரத்தைத் தையில் அறுத்து, இடையிடையே ரீப்பர் கொடுத்து நிழலில் அடுக்கினால், ஓரங்குலப் பலகை ஐப்பசிக்குள் வேலைக்கு ஆகும். ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவு மாணவர்களுக்குச் செய்முறைக்கு மரம் வேண்டும், அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு மேசை வேண்டும். நடுவில் தேவைப்படுவது ஓர் உத்தரவு, அறுவைக் கூலி, மழை ஒழுகாத ஒரு கொட்டகை.