கலங்கரை விளக்கக் குப்பம் எங்கே?

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் இடையே நம் மீனவர் வாழும் ஊரொன்றின் பெயர் 'லைட்ஹவுஸ் குப்பம்'! கரைதல் என்பது அழைத்தல். கலங்களை அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரக் கடலாடு காதையிலேயே இச்சொல் உளது. சொல்லிருந்தும் இரவல் ஏன்?

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றினோம். 14.1.1969-இல் மாநிலம் 'தமிழ்நாடு' ஆயிற்று. 1996-இல் 'மெட்ராசு' என்னும் பெயர் ஒழிந்து 'சென்னை' நிலைபெற்றது. ஆயினும் மாற்றம் தலைநகரோடு நின்றது, குப்பத்துக்கு வந்திலது. 2020 சூனில் 1018 ஊர்ப்பெயர்கள் பற்றி ஓர் ஆணை வெளியாகி, அத்திங்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதன் நோக்கமும் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்துவதே. ஆங்கிலப் பெயரை மாற்றுவதன்று.

மீனவரைக் குறைகூறோம். ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமையைப் 'பாடு' என்றே வழங்குவோர் அவர். தொழிலில் தமிழைக் காத்தவர் தலையில் அயற்பெயரைச் சுமத்தியது ஆவணமே.

பெயர் மாறினால் மீன் மிகுமோ என்பர் சிலர். ஊர்ப்பெயரைத் தம் மொழியில் எழுதும் உரிமையையே கேளாதார், ஏரியுரிமையை எங்ஙனம் கேட்பர்? ஊரவை கூடுக, பெயர்மாற்றம் வேண்டுக, அரசு ஏற்றுக்கொள்க!